மச்சானுக்குப் பதிலாகப் படுத்தவர்

மெக்கானிக்குக்கு இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லை. இருக்கிறது என்று ஒரே காலையில் மூன்று மருத்துவ மாணவர்களும் ஒரு பேராசிரியரும் சொன்னார்கள். மாணவர்களில் ஒருவன் அதைக் கையால் தொட்டே உணர்ந்தான்.

மெக்கானிக் என்றால் மின்விசிறி மெக்கானிக். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், ஆறடிக்கு எட்டடியில் கடை. மின்விசிறி, மிக்சி, தண்ணீர் மோட்டார் மூன்றும் பார்ப்பார். வயது நாற்பத்து நான்கு. தொழிலில் அவர் அதிகம் நம்புவது காதை. வாடிக்கையாளர் விசிறியைத் தோளில் சுமந்துகொண்டு, "பேரிங் போயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே படியேறுவார். மெக்கானிக் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டார். விசிறியைக் கொக்கியில் மாட்டி ஓடவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டாரின் மேலும் பிடியைத் தன் காதிலும் வைத்துக் கேட்பார். பாதி நேரம் பேரிங்காக இருக்காது. மேலே கம்பியை மூடியிருக்கும் கப்பு உரசிக்கொண்டிருக்கும்.

மனைவியின் அண்ணன் அவர்கள் வீட்டிலேயே, முன்னறையில் இருந்தார். அச்சகத்தில் பைண்டிங் வேலை. வயது நாற்பத்தொன்பது. அவருக்கு இதயத்தில் மைட்ரல் என்ற வால்வு சரியாகத் திறப்பதில்லை. ரத்தம் அந்த இடுக்கில் உரசிக்கொண்டு போகும்போது ஒரு சத்தம் வரும். டாக்டர்கள் அதை மர்மர் என்பார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மூச்சு வாங்குகிறது என்று அவர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனார். பேராசிரியர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "அழகான மர்மர்" என்று சொல்லி மாணவர்களைக் கூப்பிட்டார். முப்பது பேர் வரிசையில் நின்று கேட்டார்கள். அதற்கு முன் அவரிடம் இருந்த எதையும் யாரும் அழகு என்று சொன்னதில்லை.

அன்று முதல் அவர் தேர்வுக் கேஸ் ஆனார். ஆண்டுக்கு இரண்டு முறை, டாக்டர் படிப்பின் கடைசித் தேர்வு நடக்கும் இரண்டு நாட்களும், நான்காம் எண் கட்டிலில் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுக்க வேண்டும். மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து விசாரித்து, நெஞ்சைச் சோதித்து, என்ன நோய் என்று கட்டில் பக்கத்திலேயே தேர்வாளர்களிடம் சொல்ல வேண்டும். கழற்றப் போகிற சட்டையை மச்சான் முந்தின நாளே இஸ்திரி போட்டு வைத்துவிடுவார்.

"முந்நூறு டாக்டரை நான் பாஸ் போட்டிருக்கேன்" என்று அச்சகத்தில் சொல்வார். பொய் இல்லை. தேர்வுக் கேஸ்கள் எல்லோருக்கும் தங்கள் நோயின் பெயர் தெரியும், வேண்டிய மாணவர்களுக்கு மெதுவாகச் சொல்லியும் விடுவார்கள். மச்சானுக்கு இதில் ஒரு நியாயம் இருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி வைக்கிற பிள்ளைக்குச் சொல்வார். ஜில்லென்று வைக்கிறவனுக்குத் தன் நோய் தனக்கே தெரியாது என்று இருந்துவிடுவார்.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் மச்சான் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. அவர் கவலை காலைப் பற்றியது அல்ல.

"லோடுமேன் ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான் மாப்ளே. அவனுக்கும் மைட்ரல் வால்வுதான். என்னைவிடச் சத்தம் அதிகமாம். ஒரு நாள் நான் வரலைன்னா அட்டெண்டர் அவனைத் தூக்கி நாலாம் நம்பர்ல போட்டுடுவான். அப்புறம் எனக்கு எங்க கிடைக்கும்?"

"அதுக்கு நான் என்ன மச்சான் பண்றது?"

"நாளைக்கு ஒரு காலை நீங்க போய்ப் படுங்க. நாளன்னைக்கு நொண்டிக்கிட்டாவது நான் போயிடுறேன்."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. "ஒரு காலைதானேங்க. அண்ணன் பன்னெண்டு வருஷமா ஒரு தடவைகூட விட்டதில்ல" என்றாள். முன்பே பேசி வைத்த பேச்சு என்று தெரிந்தது.

"எனக்கு ஒண்ணுமே இல்லையே?"

"மூஞ்சியைப் பார்த்தா அப்படித் தெரியலையே" என்றார் மச்சான். "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. எல்லாம் கேஸ் ஷீட்ல இருக்கு. பசங்களுக்கு நாலாம் நம்பர்னா என்னன்னு மனப்பாடம். சீனியர் ஜூனியருக்குச் சொல்லிட்டுத்தான் போறான். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாப் போதும். எங்க, மூச்சு எப்ப வாங்கும்?"

"எனக்கா? வாங்காது."

"பன்னெண்டு வருஷமா வாங்குதுன்னு சொல்லணும். ஒரு மாடி ஏறினா வாங்கும். படுக்கும்போது எத்தனை தலகாணி?"

"நான் தலகாணியே வைக்கிறதில்லையே மச்சான்."

"நீங்க வைக்கிறதில்ல. நாலாம் நம்பர் ரெண்டு வைக்கிறான்."

இப்படி அரை மணி நேரம் போயிற்று. சின்ன வயதில் மூட்டு வீங்கியது, காய்ச்சலில் பள்ளிக்கூடம் போகாதது என்று மச்சானின் குழந்தைப் பருவம் முழுவதையும் மெக்கானிக் வாங்கிக்கொண்டார். கடைசியாக மச்சான் ஸ்டெதாஸ்கோப் சூடாக்கும் விஷயத்தைச் சொன்னார். "அந்த மாதிரி பிள்ளை வந்தா விட்டுடாதீங்க. என் பேரைக் காப்பாத்துங்க."

காலை ஏழரைக்கு வார்டு வாசலில் அட்டெண்டர் பட்டியலோடு நின்றிருந்தார். மெக்கானிக் விஷயத்தைச் சொன்னதும் அவர் யோசித்தது லோடுமேனைப் பற்றி. லோடுமேனிடம் ஃபோன் கிடையாது. எட்டு மணிக்குக் கட்டில் காலியாக இருந்தால் கேள்வி அட்டெண்டரிடம்தான் வரும்.

"பெரியவருக்கு, அதான் புரொஃபசருக்கு, உன் மச்சான் மூஞ்சி தெரியாதா?"

"பன்னெண்டு வருஷத்துல நெஞ்சைத்தான் பார்த்திருக்காராம். மூஞ்சியைப் பார்த்ததில்லைன்னு மச்சான் சொன்னார்."

அட்டெண்டருக்கு அது சரியாகப் பட்டது. "படுத்துக்கோ. கேட்டதுக்கு மட்டும் வாயைத் திற" என்று மச்சானின் கேஸ் ஷீட்டைக் கட்டிலின் கால்மாட்டில் மாட்டினார். நோய் இடம் மாறிவிட்டது.

வழக்கமாகத் தேர்வு தொடங்கும் முன் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் எல்லாக் கட்டிலுக்கும் போய்க் கேஸ்களைத் தானே சோதித்துக்கொள்வார். அன்று வெளித் தேர்வாளராக வந்த அம்மாள் ஏறிய பேருந்து வழியில் பழுதாகி, அவர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். அதற்குள் பேராசிரியர் தேர்வை ஆரம்பித்துவிட்டார். "எல்லாம் நம்ம பழைய கேஸ்தான் மேடம். பேப்பர்ல இருக்கு" என்றார்.

முதல் மாணவன் கட்டில் எண்ணைப் பார்த்ததும் முகம் தெளிந்தான். ஸ்டெதாஸ்கோப்பை ஜில்லென்று வைத்து, நான்கு வினாடியில் எடுத்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் அழகான கையெழுத்தில் எழுதினான். தேர்வாளர்கள் வந்ததும் மர்மர் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று விளக்கினான். பேராசிரியர் தலையாட்டினார். மெக்கானிக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வேலை இவ்வளவு சுலபம் என்று அவர் நினைக்கவில்லை.

இரண்டாம் மாணவனும் அதையே சொன்னான். சத்தத்தின் வலு இரண்டாம் தரம் இல்லை, அதைவிடப் பலமான மூன்றாம் தரம் என்று கூடுதலாக ஒரு தகவலும் கொடுத்தான்.

மூன்றாமவன் உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடி, அதிர்வு கையிலேயே தெரிகிறது என்றான். தேர்வாளர்கள் நகர்ந்ததும் குனிந்து அன்பாகச் சொன்னான்: "ஐயா, இதுக்கு மேல தள்ளிப் போடாதீங்க. ஆபரேஷன்தான்."

தான் மச்சான் இல்லை என்பது மெக்கானிக்குக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவன் தொட்டும் பார்த்துவிட்டான். அவர் போர்வைக்குள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் நாடியை எண்ணிப் பார்த்தார். கடையில் பாதி சுற்றிய மோட்டார் காயில் ஒன்று நினைவுக்கு வந்தது. அதை யார் முடிப்பார்கள் என்று யோசித்தார்.

நான்காவதாக வந்தது ஒரு பெண். ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துவிட்டு, "வைக்கட்டுமாண்ணா?" என்று கேட்டு வைத்தாள்.

வைத்தவள் எடுக்கவில்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். மூச்சை வெளியே விட்டு அடக்கச் சொன்னாள். எழுந்து வார்டின் கோடிவரை வேகமாக இரண்டு முறை நடந்துவிட்டு வரச் சொல்லி, மறுபடி வைத்தாள். அவள் நெற்றி சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு விசிறியில் என்ன கோளாறு என்று தெரியாதபோது தன் முகம் எப்படி இருக்கும் என்று மெக்கானிக்குக்கு யாரும் சொன்னதில்லை. அன்று பார்த்துத் தெரிந்துகொண்டார்.

தேர்வாளர்கள் வந்தார்கள். அவள் மச்சானின் பன்னிரண்டு ஆண்டு மூச்சிரைப்பையும் சின்ன வயது மூட்டு வலியையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"சரி. நெஞ்சுல என்ன கேட்டுது?" என்றார் பேராசிரியர்.

"மர்மர் எதுவும் கேட்கல சார். இதயச் சத்தம் நார்மல்."

பேராசிரியர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். "அவர் சொன்னதை வச்சுப் பார்த்தா என்ன நோயா இருக்கும்?"

"மைட்ரல் வால்வு சுருக்கம் சார்."

"அப்புறம்?"

"நெஞ்சு அப்படிச் சொல்லல சார்."

"உனக்கு இது ரெண்டாவது தடவை, இல்ல?"

"ஆமா சார்."

"போன தடவை எதுல போச்சு?"

"மர்மர் இல்லாத இடத்துல இருக்குன்னு சொல்லிட்டேன் சார்."

"இந்தத் தடவை இருக்கிற இடத்துல இல்லைங்கிற" என்றார் பேராசிரியர். "உனக்கு முன்னாடி மூணு பேருக்குக் கேட்டிருக்கு. ஒரு நிமிஷம் தரேன். திரும்ப வச்சுப் பாரு. இப்பவும் இல்லைன்னு சொன்னா, ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்." சொல்லிவிட்டு அவர் வெளித் தேர்வாளர் பக்கம் திரும்பி, பேருந்து எந்த இடத்தில் நின்றது என்று விசாரித்தார்.

அவள் குனிந்து மறுபடி வைத்தாள். அவள் காது மெக்கானிக்கின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மச்சானின் பெயரைக் காப்பாற்ற இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

"இருக்குன்னு சொல்லிடும்மா" என்று கிசுகிசுத்தார். "மைட்ரல்."

அவள் காதிலிருந்து கருவியை எடுத்தாள். "இல்லையேண்ணா. இருந்தா சொல்ல மாட்டேனா?"

"எல்லாரும் சொல்லிட்டாங்கம்மா. நீயும் சொல்லிட்டுப் போயேன்."

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கீங்க." கோபமாகவே சொன்னாள்.

ஒரு நிமிடம் முடிந்தது. "என்ன?" என்றார் பேராசிரியர். "இல்ல சார்" என்றாள் அவள். பதில் மாறவில்லை. பேராசிரியர் பேனா மூடியைக் கழற்றினார்.

மெக்கானிக் வாசலைப் பார்த்தார். அட்டெண்டர் அங்கே நின்று வாயின் மேல் விரலை வைத்துக் காட்டினார். பேசாமல் படுத்திருந்தால் நான்காம் கட்டில் மச்சானுடையது. வீட்டில் மனைவி முகம் கொடுத்துப் பேசுவாள். இந்தப் பெண் மட்டும், சரியாகக் கேட்ட குற்றத்துக்கு இன்னும் ஆறு மாதம் படிப்பாள்.

"சார், நீங்க ஒரு தடவை வச்சுப் பாத்துடுங்களேன்" என்றார் மெக்கானிக்.

தேர்வில் கட்டில் பேசுவது பழக்கமில்லை. பேராசிரியர் யார் பேசியது என்று சுற்றிப் பார்த்தார்.

"நான்தான் சார். மூணு பேர் ஆபரேஷன் வரைக்கும் போயிட்டாங்க. இந்தப் பொண்ணு ஒண்ணுமே இல்லைங்குது. பயமா இருக்கு. எங்க கடையில கஸ்டமர் சொல்றதை வச்சு மோட்டாரைப் பிரிக்க மாட்டோம் சார். ஓடவிட்டுக் கேட்டுட்டுத்தான் கை வைப்போம்."

வெளித் தேர்வாளர் அம்மாள், "கேளுங்க சார். நானும் கேட்கிறேன், காலையில பார்க்க முடியல" என்றார்.

பேராசிரியர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். மூன்று வினாடி கண்ணை மூடினார். "இருக்கே! நல்லா இருக்கே" என்று எடுத்துவிட்டார்.

நோய் வந்தே விட்டது என்று மெக்கானிக் முடிவு செய்துகொண்டார்.

அடுத்து அம்மாள் வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் வினாடி முள் மூன்று சுற்று சுற்றியது. பிறகு கால்மாட்டில் இருந்த கேஸ் ஷீட்டை எடுத்துப் படித்தார். "இதுல இருக்கிறது நீங்கதானா?"

"இல்லம்மா. அது என் மச்சான். கால் சுளுக்கி வீட்டுல இருக்கார். நான் இன்னைக்கு மட்டும் வந்தேன்."

தலைக்கு மேலே விசிறி ஓடும் சத்தம் மெக்கானிக்குக்குத் தெளிவாகக் கேட்டது. அதில் உண்மையிலேயே பேரிங்தான் போயிருந்தது.

"ஆள் மாறினது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பேராசிரியர்.

"பன்னெண்டு வருஷமா பார்க்கிற கேஸ்னு சொன்னீங்களே சார்?"

"நெஞ்சைத்தானே மேடம் பார்க்கிறோம்."

இந்தக் கட்டிலை ரத்து செய்துவிட்டு அந்தப் பெண்ணுக்கு வேறு கேஸ் கொடுக்கலாம் என்றார் பேராசிரியர். அவளும் பையை எடுத்துக்கொண்டு, "ஆறாம் நம்பருக்குப் போகவா மேடம்?" என்றாள்.

"எதுக்கு? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாச்சே" என்று அம்மாள் மதிப்பெண்ணை எழுதி, தாளைப் பேராசிரியர் பக்கம் திருப்பினார். அவர் நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முதல் மூன்று பேரைக் கூப்பிட்டு, அன்றைக்குத்தான் வார்டுக்கு வந்த ஒரு புது நோயாளியிடம் அனுப்பினார்கள். அங்கே என்ன இருக்கிறது என்று எந்த சீனியரும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு பேர் தேறினார்கள். கையால் உணர்ந்தவன் ஆறு மாதம் கழித்து வந்தான்.

ஆள்மாறாட்டத்தைப் பற்றிப் பேராசிரியர் புகார் எதுவும் எழுதவில்லை. எழுதினால் தானும் கேட்டதை எழுத வேண்டியிருக்கும். அட்டெண்டருக்கு அந்தத் தயக்கம் இல்லை.

"படுக்கச் சொன்னேன். பேசச் சொன்னேனா?" என்று வாசலில் பிடித்துக்கொண்டார். "உன் மச்சான்கிட்ட சொல்லிடு. நாலாம் நம்பர் இனிமே லோடுமேனுக்கு."

வீட்டு வாசலிலேயே மனைவி மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்துப் பாதியைத் தெரிந்துகொண்டாள். "அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிக்கோங்க. நான் அடுப்படியில இருக்கேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

மச்சான் காலை ஸ்டூலில் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் எதையும் மறைக்கவில்லை. லோடுமேன் விஷயத்தையும் சொல்லி முடித்துவிட்டுத் திட்டு விழுவதற்குத் தயாராக நின்றார். மச்சான் திட்டவில்லை.

"எத்தனை பேருக்குக் கேட்டுச்சு?"

"மூணு பசங்களுக்கு. பெரியவரையும் சேர்த்தா நாலு பேர்."

"பெரியவருக்குமா?"

"நல்லா இருக்குன்னார்."

மச்சான் வீங்கிய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்கிட்டயும் அவர்தான் சொன்னார்" என்றார். பிறகு, "அப்ப எனக்கு இருக்கா மாப்ளே?" என்று கேட்டார்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஸ்கேன் படமெல்லாம் எடுத்தாங்களே அண்ணே."

"படத்தைப் பார்த்துச் சொன்னதும் அவர்தானே."

"மாடி ஏறினா மூச்சு வாங்குதில்ல?"

"தொப்பை இருந்தாலும் வாங்கும்."

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், பேராசிரியர் அழகு என்று சொன்ன அதே மாதம், மச்சானுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். இதயக்காரனைக் கட்டிக்கொண்டு அவள் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று அவரே ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அந்த வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. அன்றும் பேசவில்லை.

கால் சரியான பிறகும் மச்சான் நான்காம் கட்டிலைப் பற்றிக் கேட்கவில்லை. வேறு டாக்டரிடம் காட்டலாம் என்றால், "அவங்க பழைய சீட்டைப் படிச்சுட்டுத்தான் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பாங்க" என்றார். மாத்திரையை ஒரு நாள் போடுவார், ஒரு நாள் கையில் வைத்துப் பார்த்துவிட்டு டப்பாவிலேயே போட்டுவிடுவார். அச்சகத்தில் முந்நூறு டாக்டர் கணக்கைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். அங்கே அவருக்கு உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஒன்பது வாரம் கழித்து, தேர்வில் தேறிய அந்தப் பெண் அதே ஆஸ்பத்திரியின் புறநோயாளிகள் பிரிவில் பயிற்சி டாக்டராக உட்கார்ந்திருப்பதாக மெக்கானிக்குக்குத் தெரியவந்தது. மறுநாள் காலையே கடையைச் சாத்திவிட்டு மச்சானை அழைத்துப் போனார். மச்சான் பழைய சீட்டு எதையும் எடுத்து வரவில்லை. வரிசையில் ஒரு மணி நேரம் நின்றார்கள்.

அவள் மெக்கானிக்கைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். "உங்களுக்கு என்னண்ணா?"

"எனக்கு இல்லம்மா. இவருக்கு."

"பழைய சீட்டு ஏதாவது இருக்கா?"

"இல்ல டாக்டர்" என்றார் மச்சான். "நீங்க கேளுங்க. அப்புறம் பேசலாம்."

அவள் கேட்டாள். பின்னால் நின்ற வரிசை இருமியது, காலை மாற்றி நின்றது, ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிக் கேட்டாள். மூச்சை விட்டு அடக்கச் சொல்லிக் கேட்டாள். மச்சான் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். மெக்கானிக் அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுருங்கவில்லை.

"இருக்கு" என்றாள்.

"நிஜமாவா டாக்டர்?"

"மைட்ரல் வால்வு சுருக்கம். தெளிவாக் கேட்குது. இத்தனை நாள் காட்டாம என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

மச்சான் எழுந்து உட்கார்ந்தார். சட்டைப் பித்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டார். ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் அவள் எழுதிக் கொடுத்த சீட்டை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் தங்கைக்கு ஃபோன் போட்டார். அங்கே சத்தம் அதிகம். "இருக்கு! ஆமா, இருக்கு! நல்லாவே இருக்காம்!" என்று கத்திச் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் யாருக்கோ உடம்பு தேறிவிட்டது என்று நினைத்து, சிரித்துக்கொண்டே ஒதுங்கி அவருக்கு வழிவிட்டார்கள்.